புள் பார்த்துத் தொடங்குதல்



ஓர் ஆங்கில வினைச்சொல்லைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். ‘இனாகுரேட்’ என்பது அந்தச் சொல். பாலம் திறந்தாலும், பள்ளிக்கூடத்துக்குப் புதுக் கட்டடம் வந்தாலும், அமெரிக்காவில் ஜனாதிபதி பதவியேற்றாலும் ஆங்கிலச் செய்தித்தாள் அந்தச் சொல்லைத்தான் போடும். நாம் ‘திறந்து வைத்தார்’, ‘தொடக்கி வைத்தார்’ என்று எழுதுகிறோம். நாடா வெட்டுவது, குத்துவிளக்கு ஏற்றுவது, பெயர்ப்பலகையின் திரையை விலக்குவது, கடைசியில் ஒரு படம். இதற்கு மேல் அந்தச் சொல்லில் ஏதும் இருப்பதாக இன்று யாருக்கும் தோன்றாது.

அதற்குள் ஒரு பறவை இருக்கிறது. ஒரு காரியத்தில் இறங்குமுன் வானத்தை அண்ணாந்து பார்த்து, பறவைக்காகக் காத்து நின்றவர்களின் சொல் அது. ஐப்பசி பிறந்ததும் ஆயிரக்கணக்கான மைல் கடந்து பறவைகள் வந்திறங்கும் மன்னாரில் அதைப் பற்றிப் பேசுவது பொருத்தம். இந்த மன்னார்த் தீவில் கடந்த சில ஆண்டுகளாக நடந்துவரும் சர்ச்சையின் நடுவிலும் பறவைதான் நிற்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ரோமுக்குப் போவோம். ரோமை நிறுவிய ரோமுலசுக்குப் பிறகு நூமா என்பவரை அரசராக்க நகரின் மூத்தோர் அவை தீர்மானித்தது. நூமா உடனே முடி சூடிக்கொள்ளவில்லை. தெய்வங்களைக் கேட்க வேண்டும் என்றார். நடந்ததை லிவி என்ற வரலாற்றாசிரியர் விரிவாக எழுதியிருக்கிறார். நகரின் உயரமான இடத்தில் ஒரு கல்லின் மேல் நூமா தெற்கு நோக்கி உட்கார்ந்தார். அவருக்கு இடப்பக்கத்தில், தலையில் முக்காடிட்டு, புள் பார்க்கும் குரு அமர்ந்தார். அந்தக் குருவுக்கு ‘ஆகர்’ என்று பெயர். கையில் கணு இல்லாத, நுனி வளைந்த கோல். அந்தக் கோலால் நகரையும் அதற்கப்பால் உள்ள வெளியையும் கிழக்கிலிருந்து மேற்காக வகுத்தார்; தெற்கு வலம், வடக்கு இடம் என்று எல்லை சொன்னார்; கண்ணுக்கெட்டிய தொலைவில் ஓர் அடையாளத்தை மனதில் குறித்துக்கொண்டார். பிறகு கோலை இடக்கைக்கு மாற்றி, வலக்கையை நூமாவின் தலையில் வைத்து, இவர் அரசராவது உமக்குச் சம்மதமானால் நான் வகுத்த எல்லைக்குள் எங்களுக்குத் தெளிவான குறி காட்டும் என்று யூபித்தர் தெய்வத்திடம் வேண்டினார். குறிகள் வந்தன. அதற்குப் பிறகே நூமா அரசராகக் கீழே இறங்கினார்.

இந்தச் செயலுக்குத்தான் இலத்தீனில் ‘இனாகுராரே’ என்று பெயர். புள் பார்த்து ஒருவரை அல்லது ஓர் இடத்தை ஏற்பது. கோலால் வகுத்த வெளிக்கு ‘தெம்ப்ளும்’ என்று பெயர். கோயிலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அதிலிருந்து வந்தது. ஆழ்ந்து நோக்குவதைக் குறிக்கும் ‘காண்டெம்ப்ளேட்’ என்ற வினையும் அதே வீட்டுப் பிள்ளை. நல்ல வேளை, நல்ல சகுனம் என்ற பொருளில் வரும் ‘ஆஸ்பிஷஸ்’ என்பதில் பறவை, பார்த்தல் என்ற இரண்டு இலத்தீன் வேர்களும் வெளிப்படையாகவே தெரிகின்றன. ‘ஆகர்’ என்ற சொல்லைப் பற்றி மட்டும் அறிஞரிடையே இரண்டு கருத்து உண்டு. பறவை என்ற வேரோடு சேர்ப்பவர்கள் ஒரு பக்கம். வளர்தல், பெருகுதல் என்ற வேரோடு சேர்ப்பவர்கள் மறுபக்கம். அகஸ்தஸ் என்ற பட்டம் இரண்டாவது வேரிலிருந்து வந்தது. வேர் எதுவானாலும் அந்தக் குரு செய்த வேலை புள் பார்ப்பதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் குரு எதிர்காலம் சொல்பவர் அல்ல. சோதிடரிடம் ‘என்ன நடக்கும்’ என்று கேட்கிறோம். ஆகரிடம் கேட்டது அதுவல்ல. ‘இதைச் செய்ய எங்களுக்கு அனுமதி உண்டா’ என்பதே கேள்வி. அதற்கு ஆம் என்றும் பதில் வரலாம், இல்லை என்றும் வரலாம். குறி சரியில்லை என்றால் குரு இரண்டே சொல் சொல்வார்: ‘வேறொரு நாள்’. அவ்வளவுதான். கூடிய சபை கலைய வேண்டும். தேர்தல் நிற்க வேண்டும். சட்டம் நிறைவேறாது. படை புறப்படாது. உலகத்தை ஆண்ட ஒரு குடியரசு, தன் கையைத் தானே பிடித்து நிறுத்தும் அதிகாரத்தை இரண்டு சொல்லில் வைத்திருந்தது. இந்தச் சொல்லின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்த்தது இதுதான்.

அந்த அதிகாரத்தைச் சிலர் தவறாகப் பயன்படுத்தியதும் உண்டு. கி.மு. 59இல் சீசரோடு சேர்ந்து பதவியிலிருந்த பிபுலஸ், சீசரின் சட்டங்களைத் தடுக்க வீட்டுக்குள் அடைந்துகொண்டு, நான் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அறிவித்துக்கொண்டே இருந்தார். சீசர் பொருட்படுத்தவில்லை. அதற்கு முன் கி.மு. 249இல், சிசிலித் தீவின் திரெப்பனா துறையில், கார்த்தேஜ் கடற்படையைத் தாக்கப் புறப்பட்ட கிளாடியஸ் புல்கர் என்ற தளபதியின் கதை இருக்கிறது. கப்பலில் புனிதக் கோழிகளைக் கூண்டில் வைத்திருப்பார்கள். தீனி போட்டால் ஆவலோடு தின்றால் நல்ல குறி. அன்று அவை தின்னவில்லை. தின்னாவிட்டால் தண்ணீர் குடிக்கட்டும் என்று தளபதி அவற்றைக் கடலில் எறியச் சொன்னார். அன்றைய சண்டையில் ரோமர் 93 கப்பல்களை இழந்தார்கள். ஊருக்குத் திரும்பியவரை விசாரித்துத் தண்டம் விதித்தார்கள்.

கோழி தின்னாததால் கப்பல்கள் தோற்கவில்லை. எனக்கும் உங்களுக்கும் அது தெரியும். ரோம அறிஞர் சிசரோவுக்கும் தெரியும். அவரே ஆகர் பதவியில் இருந்தவர். கி.மு. 44இல் குறி பார்ப்பதைப் பற்றி ஒரு நூல் எழுதி, அதன் இரண்டாம் பாகத்தில் அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டுக் கேட்டே உரித்துவிடுகிறார். அங்கே அவர் சொல்லும் ஒரு செய்தியைக் கேளுங்கள். கூண்டில் அடைத்துப் பட்டினி போட்ட கோழி, தீனியைக் கண்டதும் பாயத்தானே செய்யும்? அது எப்படித் தெய்வத்தின் பதிலாகும்? கேள்வி கேட்பவன் தனக்கு வேண்டிய பதிலை முன்கூட்டியே தயார் செய்துகொள்கிறான் என்பதுதான் சிசரோவின் குற்றச்சாட்டு. பட்டினி போட்ட கோழி என்ற இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வினை ஆங்கிலத்துக்குள் வந்தது 16ஆம் நூற்றாண்டு முடிந்து 17ஆம் நூற்றாண்டு பிறக்கும் காலத்தில். அப்போதே பறவை பறந்துவிட்டது. அரசரையோ ஆயரையோ முறைப்படி பதவியில் அமர்த்துவது என்ற பொருளே நின்றது. 1789 ஏப்ரல் 30ஆம் திகதி நியூயார்க்கில் வாஷிங்டன் பதவியேற்றார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் அது ஒரு நாளின் பெயராகவே ஆனது. மற்றவர்கள் கட்டடத்துக்கும் கண்காட்சிக்கும் தொடருந்துப் பாதைக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். சடங்கு மிஞ்சியது. கேள்வி போய்விட்டது. இன்று யாராவது ஒரு திட்டத்தை இனாகுரேட் செய்கிறார் என்றால், ‘வேறொரு நாள்’ என்று சொல்ல அந்த மேடையில் எவரும் இல்லை.

இது ரோமரின் கதை, நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் மொழியில் ‘புள்’ என்றால் பறவை. ‘புள்’ என்றாலே நிமித்தமும்தான். தொல்காப்பியம் நாளையும் புள்ளையும் சேர்த்தே பேசுகிறது. வடமொழியில் ‘சகுனம்’ என்ற சொல்லுக்கும் பறவை என்ற பொருள் உண்டு. கிரேக்கத்திலும் பறவையைக் குறிக்கும் சொல்லே குறியையும் குறிக்கும். வெவ்வேறு நாட்டு மொழிகள், ஒரு காரியத்தைத் தொடங்கும் இடத்தில் பறவையைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

புறநானூற்றில் கழைதின் யானையார் என்ற புலவர் வல்வில் ஓரியைப் பார்த்துப் பாடுகிறார். பரிசில் தேடிப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் வள்ளலைக் குறை சொல்வதில்லையாம். புறப்பட்ட வேளையையும் அப்போது பார்த்த புள்ளையும்தான் குறை சொல்வார்களாம். கபிலர் அதற்கு எதிர்ப்பக்கம் போகிறார். மலையமானிடம் நாள் பார்க்காமல் போனாலும், வழியில் புள் தடுத்தாலும், பக்குவம் தெரியாமல் பேசினாலும் யாரும் வெறுங்கையோடு வருவதில்லை என்கிறார். புள்ளை விட வள்ளலின் மனம் பெரிது என்று சொல்லும் துணிச்சல் கபிலருடையது. ஆனால் இரண்டு பாட்டிலும் புறப்படுகிறவன் முதலில் வானத்தைப் பார்த்திருக்கிறான்.

இன்றும் பார்க்கிறோம். கோயில் கும்பாபிஷேகத்தில் கோபுரத்தின் மேல் குடநீர் ஊற்றும் நேரம் நெருங்கினால் கூட்டத்தின் கண் கலசத்தில் இருக்காது. எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கருடன் வட்டமிட வேண்டும். செம்பருந்து ஒன்று தலைக்கு மேலே வந்து சுற்றியதும் ‘அரோகரா’ எழும், பிறகு நீர் விழும். திருக்கேதீச்சரத்தின் சுற்றுவட்டாரத்தில் வாழும் உங்களுக்கு நான் இதை விவரிக்கத் தேவையில்லை. நூமா உட்கார்ந்திருந்த கல்லுக்கும் நம் கோபுரத்துக்கும் அதிக தூரம் இல்லை.

இன்னொரு சொல்லையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் ‘தொடக்க விழா’ என்று போடுவதை ஈழத்துப் பத்திரிகைகள் இன்னும் ‘அங்குரார்ப்பணம்’ என்று எழுதுகின்றன. சங்கம் அமைத்தாலும் அங்குரார்ப்பணம், நிதியம் தொடங்கினாலும் அங்குரார்ப்பணம். அங்குரம் என்றால் முளை. கோயில் திருவிழாவுக்கு முன் பாலிகைகளில் மண் நிரப்பி, நவதானியம் விதைத்து, முளைப்பதைப் பார்ப்பதுதான் அந்தக் கிரியை. முளை செழித்து நேராக எழுந்தால் நலம். வாடினால், கோணினால் அதுவும் ஒரு செய்தி. மண்ணிடம் கேட்டுவிட்டு விழாவைத் தொடங்குவது அது. பறவையிடம் கேட்ட ரோமர் சொல்லுக்கு நேராக, விதையிடம் கேட்ட நம் சொல் நிற்கிறது. இரண்டிலும் உள்ளிருந்த சோதனையை மறந்துவிட்டு நாம் மேலே உள்ள பெயரை மட்டும் வைத்திருக்கிறோம்.

இனி இந்தக் கடலுக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் பிளினி என்ற ரோமர் இயற்கையைப் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். அதில் தப்ரபேன் என்று இலங்கையைப் பற்றி ஒரு பகுதி உண்டு. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே உள்ள கடல் ஆழமற்றது என்றும், ஆனால் சில கால்வாய்களில் நங்கூரம் தரை தொடாத ஆழம் என்றும், ஒடுங்கிய வழியில் திருப்ப முடியாததால் கப்பலுக்கு இரண்டு பக்கமும் முன்னணியம் வைத்தார்கள் என்றும் எழுதுகிறார். தலைமன்னாரிலிருந்து மணல் திட்டுகளின் பக்கம் படகு விட்டவர்களுக்கு அந்தக் கடல் தெரியும். இந்தக் கடலோடிகள் விண்மீனைப் பார்த்துத் திசை அறிவதில்லை என்றும், கப்பலில் பறவைகளைக் கொண்டுபோய் அவ்வப்போது பறக்கவிட்டு, அவை நிலம் தேடிப் போகும் வழியே போவார்கள் என்றும் அவர் சொல்கிறார். ரோமர் பறவையிடம் அனுமதி கேட்டார்கள். நம் முன்னோர் வழி கேட்டார்கள்.

வழி கேட்பது இன்றும் நிற்கவில்லை. பேசாலையிலோ தாழ்வுபாட்டிலோ விடியற்காலையில் கரையில் நின்று பாருங்கள். கடலுக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது காற்று, அடுத்தது ஆலாப் பறவை. ஆலாக் கூட்டம் ஓரிடத்திலேயே மேலிருந்து விழுந்து விழுந்து எழுந்தால் அடியில் சின்ன மீன் திரண்டிருக்கிறது. அதைத் துரத்திப் பெரிய மீனும் வந்திருக்கும். ஆலா கலைந்து பறந்தால் அந்தப் பக்கம் போவதில் பயனில்லை. இதில் மூடநம்பிக்கை எங்கே இருக்கிறது? தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தேறிய அறிவு இது.

முத்துக்குளிப்பின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மன்னாருக்குத் தெற்கே அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கடலில் சிப்பி விளையும் பாறைப் பரப்புகளைப் ‘பார்’ என்று சொல்வோம். சிப்பி ஓரளவு வயதாக வேண்டும். இளசாக எடுத்தால் முத்து இராது, முற்றவிட்டால் சிப்பி செத்து முத்து கடலோடு போய்விடும். அதனால் அரசு அதிகாரிகள் பருவத்துக்கு முன்பே போய்ப் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவந்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தைப் பித்தளைச் சல்லடைகளில் அரித்துத் தரம் பிரிப்பார்கள். 20 துளைச் சல்லடையில் தொடங்கி 1,000 துளை வரை வெவ்வேறு சல்லடைகள். ஆயிரம் சிப்பிக்கு இவ்வளவு பெறுமதி என்று கணக்கு வந்த பிறகே குளிப்புக்கு நாள் குறித்து அறிவிப்பார்கள். கணக்குச் சரியில்லை என்றால் அந்த ஆண்டு குளிப்பு இல்லை. பல ஆண்டுகள் அப்படிக் கடந்திருக்கின்றன.

நாள் வந்த பிறகும் இன்னொரு சம்மதம் வேண்டியிருந்தது. கடல்கட்டி என்று ஒருவர் வருவார். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் வேலை. அவர் மந்திரம் சொல்லாமல் குளியாளி மூழ்கும் கல்லில் கால் வைக்கமாட்டார். மார்க்கோ போலோ இந்தக் கரைகளைப் பற்றி எழுதும்போதே, இப்படி மீனைக் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு கிடைத்ததாகக் குறிப்பிடுகிறார். ஆங்கிலேய அரசுக்கு மந்திரத்தில் நம்பிக்கை இருந்திருக்காது. ஆனாலும் கடல்கட்டிக்குச் சம்பளம் கொடுத்தது. நீருக்குள் இறங்கும் உயிர் குளியாளியுடையது. அவர் மனம் ஒப்பாமல் வேலை தொடங்காது என்பதை அது ஏற்றுக்கொண்டிருந்தது.

எங்கே கெட்டது? ஆங்கிலேயர் இந்தக் கரையைப் பிடித்ததும் 1796, 1797, 1798 என்று அடுத்தடுத்து மூன்று ஆண்டு குளிக்கவிட்டார்கள். பணம் கொட்டியது. பிறகு வருவாய் சரிந்தது. வருவாயை எதிர்பார்த்து வந்த ஆளுநர் பிரெடெரிக் நோர்த், அரிப்பில் கட்டிய மாளிகையின் இடிபாடு கடலரிப்பில் சரிந்துகொண்டே இருப்பதை நீங்கள் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறீர்கள். 1905இல் மறுபடி ஒரு மாபெரும் குளிப்பு. மரிச்சுக்கட்டியில் ஒரு நகரமே முளைத்தது. அடுத்த ஆண்டே பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பனியிடம் விட்டார்கள். 1907க்குப் பிறகு கம்பனிக்குக் குளிக்கச் சிப்பி இல்லை. இதற்குக் கடலில் இயற்கையான காரணங்களும் உண்டு என்று ஹெர்ட்மன், ஹோர்னெல் போன்ற அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் ‘இந்த ஆண்டு வேண்டாம்’ என்ற பதிலுக்கும் இடம் வைத்துக் கேட்ட காலத்தில் அந்தப் பார்கள் நூற்றாண்டுகள் தாக்குப்பிடித்தன என்பதும் வரலாறு.

இப்போது பறவைக்கு வருகிறேன். தள்ளாடியிலிருந்து தாம்போதி வழியாகத் தீவுக்குள் வரும் எவரும் மார்கழி, தையில் இரண்டு பக்கமும் பார்ப்பதைத்தான் உலகம் வங்காலைச் சரணாலயம் என்று பதிவு செய்திருக்கிறது. 4,839 ஹெக்டேயர். 2008இல் சரணாலயம், 2010 ஜூலையில் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. இலங்கையில் அந்தப் பட்டியலில் இடம்பெற்ற நான்காவது இடம் இது. பூநாரை, ஊசிவால் வாத்து, உள்ளான், கடற்காகம் என்று மத்திய ஆசிய வலசைப் பாதையில் தெற்கே வருகிறவை இங்கே இறங்குகின்றன. இலங்கைக்குத் தெற்கே பெருங்கடல், நிலமே இல்லை. பல பறவைகளுக்கு மன்னார் வழியில் தங்கும் மடம் அல்ல, பயணம் முடியும் ஊர். மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்திய ஒரு கடற்காகம் இந்தியாவின் மேலாகப் பறந்து வட துருவத்தை ஒட்டிய ரஷ்யக் கரை வரை போய், அங்கே கோடையைக் கழித்துவிட்டு, மறுபடி இங்கேயே வந்தது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் அதன் வழியை வரைபடத்தில் காட்டினார்கள். பிளினியின் கடலோடிகள் கண்ணால் பின்தொடர்ந்ததை நாம் இப்போது கருவியால் பின்தொடர்கிறோம்.

இந்தத் தீவில்தான் காற்றும் இருக்கிறது. சோழகம் பிறந்தால் மணல் பறக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். 2020 டிசெம்பர் 8ஆம் திகதி, தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு ‘தம்பபவனி’ தொடங்கி வைக்கப்பட்டது. சுமார் 100 மெகாவாட். பறவைக் கூட்டம் வரும்போது சுழலிகளை நிறுத்துவதற்கு ரேடார் வைக்கும் ஏற்பாடும் அந்தத் திட்டத்தில் இருந்தது. பின்பு அதானி நிறுவனத்தின் 250 மெகாவாட் திட்டம், 52 காற்றாலைகள். 2024இல் சூழல் அமைப்புகளும் மன்னார் மறைமாவட்ட ஆயரும் உயர் நீதிமன்றம் போனார்கள். விலையைப் பற்றியும் கேள்வி எழுந்தது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. அதோடு முடியவில்லை. வேறு நிறுவனங்களின் காற்றாலைகளுக்கான பாகங்கள் 2025 ஆகஸ்டில் வந்தபோது மக்கள் வீதியில் நின்றார்கள். ஒரு மாதம் நிறுத்தி வைக்க ஜனாதிபதி உத்தரவிட்டார். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு வேலை மறுபடி தொடங்கியது, மாவட்டம் கதவடைத்தது.

நான் காற்றாலைக்கு எதிரானவன் அல்ல. 2022இல் இந்த நாடு இருட்டில் கிடந்ததை நாம் மறக்க முடியாது. நிலக்கரியை எரித்துக்கொண்டே காலத்தை ஓட்டவும் முடியாது. காற்றிலிருந்து மின்சாரம் எடுப்பது நல்ல காரியம். நல்ல காரியத்தைத்தான் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும் என்று நம் முன்னோரும் ரோமரும் நினைத்தார்கள்; நூமா அரசராவது கெட்ட காரியமா என்ன?

கேட்பது என்றால் என்ன? இந்த நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டம் 1988இல் திருத்தப்பட்டபோது, பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, 30 நாளுக்குள் கருத்துக் கேட்க வேண்டும். இன்றைய உலகத்தில் ஆகரின் கோல் இதுதான். எல்லை வகுத்து, அதற்குள் பார்த்து, குறி என்ன என்று சொல்லும் முறை. ஆனால் அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பும் செலவும் திட்டத்தைக் கொண்டுவருகிறவருடையவை. அறிக்கை எழுதுகிறவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கலாம். இருந்தாலும் ஏற்பாடு பட்டினி போட்ட கோழியின் ஏற்பாடு. ஆம் என்ற பதிலை நோக்கியே அது சரிந்திருக்கிறது.

பார்க்கும் காலமும் முக்கியம். காற்று அதிகம் வீசுவது வைகாசி முதல் புரட்டாசி வரை; வலசைப் பறவை இருப்பது ஐப்பசி முதல் பங்குனி வரை; ஆகவே மோதல் இல்லை என்று ஒரு வாதம் உண்டு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகளில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது வலசைப் பறவைகள் ஊர் திரும்பிய பிறகு, அந்தக் காற்றுக் காலத்தில்தான். வாடையிலும் சுழலி சுற்றத்தான் செய்கிறது. பூநாரைக் கூட்டம் ஒரு களப்பிலிருந்து இன்னொன்றுக்கு இருட்டிய பிறகும் பறக்கும். அதற்குச் சுழலியை விட, கண்ணுக்குத் தெரியாத மின்கம்பிதான் பெரிய ஆபத்து. ஒரு பருவத்தில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்கு இதில் பாதி கூடத் தெரியாது. குறைந்தது ஒரு முழு ஆண்டு, சோழகமும் வாடையும், பகலும் இரவும் பார்க்க வேண்டும்.

பறவையை மட்டும் கேட்டால் போதாது. இந்தத் தீவு கடலுக்குச் சமமாகக் கிடக்கும் நிலம். காற்றாலைக்குப் பாதையும் அடித்தளமும் போட்ட பிறகு மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது என்று மக்கள் சொல்கிறார்கள். கரைவலைப் பாடுகளில் இழுக்கிறவர்கள் மீன் விலகிப் போய்விட்டது என்கிறார்கள். இல்மனைட் மணலுக்காகத் துளையிட்டுப் பார்த்ததையும் சேர்த்து அவர்கள் அஞ்சுகிறார்கள். இதில் எது எந்த அளவுக்கு உண்மை என்று அளந்து சொல்வது பொறியியலாளர் வேலை, விஞ்ஞானி வேலை. ஆனால் அளப்பது தொடங்குவதற்கு முன் நடக்க வேண்டும். கோபுரம் எழுந்த பிறகு அளந்தால் அது கேள்வி ஆகாது, கணக்கெழுதுவது ஆகும். கடல்கட்டியின் மந்திரத்தை நம்பாத அரசு கூட, குளியாளியின் மனச்சம்மதத்துக்குக் காசு கொடுத்தது. மீனவரின் சம்மதம் அதைவிட மலிவாகப் போய்விடக் கூடாது.

‘வேறொரு நாள்’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு இருக்க வேண்டும் என்று கேட்டால் எனக்கு ஒரு பதில் உண்டு. திட்டத்தின் காசில் வாழாத ஒரு குழுவுக்கு. அதில் பறவையியலாளர் ஒருவர், நீரோட்டம் தெரிந்தவர் ஒருவர், தீவின் மீனவர் சங்கங்களிலிருந்து வருகிறவர்கள் கட்டாயம் வேண்டும். அறிக்கை தமிழில் எழுதப்பட வேண்டும். சுருக்கத்தை மட்டும் மொழிபெயர்த்துக் கொடுப்பது போதாது. பிபுலஸ் போல யாரும் வீட்டுக்குள் இருந்துகொண்டு தடுத்துக்கொண்டே இருக்காதபடி, தள்ளிவைத்தால் காரணமும், மறுபடி பார்க்கும் நாளும் எழுத்தில் இருக்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு எழும் காற்றாலைக்கு நானே வந்து கைதட்டுவேன்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் நடக்கிறது. அது ஆண்டுக்கு ஒரு முறை. உங்கள் பள்ளிக்கூடங்கள் தலைமன்னாரிலும் பேசாலையிலும் எருக்கலம்பிட்டியிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் இருக்கின்றன. கிழமைக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று எழுதுங்கள்: திகதி, காற்று எந்தப் பக்கம், எந்தப் பறவை, எத்தனை, எந்த உயரத்தில் எந்தத் திசைக்குப் பறந்தது. கம்பியின் அடியில் செத்துக் கிடந்தால் அதையும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். மழை பெய்த மறுநாள் எந்த ஒழுங்கையில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பெயர் தெரியாத பறவைக்கு உங்கள் அப்பாமாரும் தாத்தாமாரும் வைத்திருக்கும் பெயரைக் கேட்டு எழுதுங்கள். ஓர் ஆண்டு எழுதினால், அடுத்த அறிக்கை அந்த 30 நாளுக்கு மேசைக்கு வரும்போது, அதன் பக்கத்தில் வைப்பதற்கு மன்னாரின் கையெழுத்தில் ஒரு பதிவேடு இருக்கும்.